ஒரு கறுப்புச் சதுரத்தின் எண் வேண்டி விண்ணப்பம்

பெறுநர்: உயர்திரு மேலாளர் அவர்கள், உதிரிபாகப் பிரிவு (கம்பெனியின் பெயர் மரியாதை கருதி விடப்பட்டுள்ளது), சிங்கப்பூர்.

பொருள்: புளோவர் டிரான்சிஸ்டரின் எண்ணைத் தெரிவித்து அருளுதல் தொடர்பாக.

ஐயா,

தங்கள் கம்பெனித் தயாரிப்பான என் காரில் இப்போது காற்றுக்குப் பஞ்சமே இல்லை. குமிழைக் குறைத்து வைத்தாலும் கூட்டி வைத்தாலும், அடியோடு அணைத்தே வைத்தாலும், சாவியைத் திருப்பியதும் புயல் கிளம்பிவிடுகிறது. போன வெள்ளிக்கிழமை வீரமாகாளியம்மன் கோயிலில் தரிசனம் முடித்து மாமியார் முன்சீட்டில் ஏறினார். சிராங்கூன் சாலையின் முதல் சிக்னலைத் தாண்டுவதற்குள் அவர் நெற்றி விபூதி பின்சீட்டில் இருந்த என் சகலையின் கறுப்புச் சட்டையில் குடியேறிவிட்டது. சகலை நாத்திகர். தங்கள் தயாரிப்பின் வீரியம் அப்படி.

தங்கள் கையேட்டில் இந்தக் காற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர் ஹீட்டர் புளோவர் கட்டுப்பாடு என்ற தலைப்பில் வருகிறது. வெப்பநிலைக் குமிழின் சிவப்புப் பக்கத்தை இந்தத் தீவில் யாரும் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரிதான், அதுவும் 1989இல். இருந்தும் ஹீட்டருக்கும் சேர்த்தே காசு கொடுத்தோம், முணுமுணுக்கவில்லை. சூட்டுக்கும் குளிருக்கும் ஒரே விசிறிதான் என்பதால் அந்த விசிறியை அடக்கி ஆளும் டிரான்சிஸ்டர் போனால் ஏர்கானும் போச்சு. முணுமுணுப்பு இங்கேதான் ஆரம்பம்.

தங்கள் எஞ்சினியர்களின் மூளையை மெச்சாமல் இருக்க முடியாது. பேட்டரி தரும் சுமார் 13 வோல்ட்டை மோட்டாரும் டிரான்சிஸ்டரும் பங்கு போட்டுக்கொள்கின்றன. நடு வேகத்தில் டிரான்சிஸ்டரின் பங்குக்கு 6 வோல்ட் வந்து, 8 ஆம்பியர் ஓடினால், கிட்டத்தட்ட 50 வாட் அங்கேயே சூடாகிறது. நல்ல சால்டரிங் அயர்ன் ஒன்றின் சூடு அது. அதை ஆற்ற ஓர் அலுமினியத் தகட்டைப் பொருத்தி, தகட்டை விசிறியின் காற்றுப் பாதையிலேயே நீட்டிவிட்டார்கள். விசிறியை ஆட்டிவைக்கும் பொருளுக்கு விசிறியே காற்று வீசும். ஏர்கான் ஃபில்டரில் தூசி அடைத்து, மோட்டாரின் பேரிங்கும் காய்ந்து போகும்வரை ஏற்பாடு அருமை. அதற்குப் பிறகு காற்று குறையும், மோட்டார் இழுக்கும் கரண்ட் ஏறும், ஒருநாள் டிரான்சிஸ்டர் உள்ளுக்குள் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் முழு வோல்ட்டும் மோட்டாருக்கே. விபூதி பறப்பது அப்போதுதான்.

காக்கி புக்கிட்டில் என் மெக்கானிக் ஈப்போக்காரர். கழற்றிப் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்: "அண்ணே, இத மட்டும் மாத்தி புண்ணியம் இல்ல. மோட்டார் இழுக்கற இழுப்புலதான் இது செத்துருக்கு. அதையும் சர்வீஸ் பண்ணணும்." மோட்டார் வேலையை அவர் அன்றே முடித்துவிட்டார். பாக்கி இருந்தது மூன்று கால் முளைத்த ஒரு கறுப்புச் சதுரம்.

அதைக் கேட்டுத்தான் தங்கள் கண்ணாடி மாளிகைக்கு வந்தேன். காப்பி கொடுத்தார்கள், நல்ல காப்பி. டிரான்சிஸ்டர் தனியாகக் கிடையாதாம். தகடும் பலகையும் கனெக்டரும் ஒன்றாய் வார்த்த முழு மாட்யூல்தான் உண்டு, எழுநூறு வெள்ளிச் சொச்சம், கப்பலில் வர ஆறு வாரம். முறுக்கில் ஒரு சுற்று உடைந்ததற்குத் தீபாவளியையே மறுபடி கொண்டாடச் சொல்வது போல் இருந்தது. சரி, டிரான்சிஸ்டரின் எண்ணையாவது சொல்லுங்கள், நானே தேடிக்கொள்கிறேன் என்றேன். கவுன்டர் தம்பி கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "அதெல்லாம் கம்பெனி ரகசியம், சார்."

எண் இல்லாமல் இல்லை, ஐயா. சதுரத்தின் முகத்தில் பொறித்திருக்கிறது. ஆனால் அது தங்களுக்கென்றே தனியாக அச்சடிக்கச் சொன்ன எண். பாஸ்போர்ட்டும் அடையாள அட்டையும் பிடுங்கிக்கொண்டு ஒரு புனைபெயரோடு தெருவில் விட்டிருக்கிறீர்கள். எந்த டேட்டாஷீட்டிலும் அதற்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை.

இது நடப்பது எந்த ஊரில் என்பதையும் யோசித்துப் பாருங்கள். 1960களின் கடைசியில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் நேஷனல் செமிகண்டக்டரும் ஃபேர்சைல்டும் கடை விரித்த தீவு இது. 1969இல் தோ பாயோவுக்கு வந்த இத்தாலிய எஸ்ஜிஎஸ், இன்று எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் என்ற பெயரில் அங் மோ கியோவில் சிலிக்கான் தட்டுகளில் சிப் வார்க்கிறது. உலகத்தில் தயாராகும் பத்து சிப்பில் ஒன்று சிங்கப்பூரில் தயாராவது என்று அரசாங்கமே பெருமையாகச் சொல்கிறது. எங்கள் அடுக்குமாடியில் லிஃப்டுக்குள் கல் எறிந்தால் ஒரு செமிகண்டக்டர் எஞ்சினியர் மீது படும். எதிர்வீட்டுக்காரரிடம் சதுரத்தைக் காட்டினேன். பூதக்கண்ணாடியில் நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்ல பேக்கேஜிங்" என்றார்.

வேறு வழி? தேக்காவிலிருந்து டன்லப் தெரு வழியே நடந்து ஜாலான் புசார் முனையில் இருக்கும் சிம் லிம் டவரில் ஏறினேன். ஃபோனும் லேப்டாப்பும் விற்கும் சிம் லிம் ஸ்குவேர் வேறு. டவர் என்பது ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் சின்னச் சின்ன டிராயரில் அடுக்கி வைத்துக்கொண்டு, வாடிக்கையாளரை நிமிர்ந்து பார்க்காமலே விலை சொல்லும் இடம். ஒரு சீன அங்கிள் சதுரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண் தெரியாமல் எடுத்துத் தர மாட்டேன் என்றார். அவர் நேர்மையான மனிதர். பக்கத்துக் கடைக்காரர் அவ்வளவு நேர்மையானவர் அல்ல. அளவும் கால்களும் அச்சாக அதே மாதிரி இருந்த ஒரு மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டரைத் தூக்கிப் போட்டார். "நூறு ஆம்பியர் தாங்கும். உன் காருக்கு என்ன பயம்?"

பயப்பட வேண்டியதே அந்த நூறு ஆம்பியருக்குத்தான். தங்கள் எஞ்சினியர்களுக்கு இது தெரியும், இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இன்றைய மாஸ்ஃபெட்டுகளில் பெரும்பாலானவை சுவிட்ச் மாதிரி முழுதாகத் திறக்கவோ முழுதாக மூடவோ செய்தவை. அந்த வேலையில் நூறு ஆம்பியர் அநாயாசம். புளோவரில் இருக்கும் டிரான்சிஸ்டரின் தலையெழுத்து வேறு. நாள் முழுக்க அரைக்கதவு திறந்து நிற்க வேண்டும். அப்படி நிறுத்தினால் சிலிக்கானில் ஏதோ ஒரு மூலை மட்டும் அதிகம் சூடாகும். சூடான மூலைக்கே இன்னும் கரண்ட் பாயும், இன்னும் சூடாகும், அதே இடத்தில் பொத்துக்கொள்ளும். அந்த வேலைக்கென்று வடிவமைத்தது எது, ஆகாதது எது என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது, எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். சந்தையில் பழைய எண்ணைச் சுரண்டிவிட்டுப் புது எண் அடித்த போலிகளும் உலவுகின்றன. 2012இல் வெளியான அமெரிக்க செனட் குழு ஒன்றின் அறிக்கைப்படி ராணுவ விமானங்களுக்குள்ளேயே அப்படிப்பட்டவை அகப்பட்டன. ராணுவத்துக்கே அந்தக் கதி என்றால் ஜாலான் புசாரில் நிற்கும் நான் எம்மாத்திரம்?

முன்பெல்லாம் அங்கிருந்து பொடிநடையாகச் சுங்கை ரோடு திருட்டுச் சந்தைக்குப் போய்விடலாம். எந்தக் காரிலோ கழற்றிய எந்த மாட்யூலோ பிளாஸ்டிக் விரிப்பில் கிடக்கும். எண்பது ஆண்டுக்கால அந்தச் சந்தைக்கு 2017 ஜூலை 10ஆம் தேதி கடைசி நாளாகிவிட்டது. இப்போது மிஞ்சியிருப்பது ஜோகூர்தான். ஜப்பான் கார்களின் முன்பாதியை மட்டும் வெட்டிக் கப்பலேற்றிக் கொண்டுவரும் ஹாஃப் கட் கடைகளில் முழு மாட்யூலே நாற்பது ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் என்கிறார் மெக்கானிக். போகலாம். பாலம் தாண்டுவதற்கு முன் முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கணக்கையும் கூட்டினால் தங்கள் எழுநூறு வெள்ளி அவ்வளவு அக்கிரமமாகத் தெரியவில்லை. தாங்களும் இதே கணக்கைப் போட்டுத்தான் விலை வைத்தீர்களோ என்னவோ.

கவுன்டர் தம்பி கடைசியாக ஓர் ஆலோசனையும் சொன்னார். காருக்குப் பத்து வயது ஆகிவிட்டதாம், ஸ்கிராப் பண்ணிவிட்டுப் புதிது எடுக்கலாமாம். எனக்குக் கோபம் வரவில்லை. தம்பி இந்த ஊரில் பிறந்தவர். 1990இல் வாகன உரிமைச் சான்றிதழ் வந்ததிலிருந்து பத்து வருஷம்தான் ஒரு காரின் ஆயுள் என்று நம்பி இங்கே ஒரு தலைமுறையே வளர்ந்திருக்கிறது. ஹாம்ப்ஷயர் சாலையில் அந்தச் சான்றிதழைத் தரும் நிலப் போக்குவரத்து ஆணையம் இருக்கும் கட்டடம் முன்பு கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையாக இருந்தது. 1966 ஒரே வருஷத்தில் அந்த ஆஸ்பத்திரியில் கிட்டத்தட்ட 40,000 குழந்தைகள் பிறந்தார்கள். அவர்களில் யாருடைய பிறப்புச் சான்றிதழிலும் பத்து வருஷம் என்று போடவில்லை. கார் விஷயம் அப்படி இல்லை. 2023இல் சின்ன காருக்கான சான்றிதழே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. லட்சம் கொடுப்பவன் ஐந்து வெள்ளி டிரான்சிஸ்டருக்காக வழக்காடுவானா என்பது தங்கள் எண்ணம். லட்சம் கொடுத்தவனுக்குத்தான் ஐயா ஐந்து வெள்ளியின் அருமை தெரியும். நான் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டேன், கார் ஓடும். புதுப்பிக்கத் தெரியாதது தங்கள் பட்டியல்தான்.

பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் வெளிக் கடைகளுக்குக் கிடைக்காமல் அடைத்து வைத்தார்கள் என்பது குற்றம். வெளி ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடும் என்று இங்கே மிரட்டிக்கொண்டிருந்த நிபந்தனையையும் நம் போட்டி ஆணையம் தலையிட்டு 2017இல் கைவிட வைத்தது. ஆக, என் ஈப்போ மெக்கானிக்கிடம் போக எனக்கு உரிமை உண்டு. அவர் கையில் எண் இருந்தால் தேவலை.

தள்ளுபடி கேட்கவில்லை. இலவசக் காப்பியும் போதும். அந்தச் சதுரத்தின் நிஜ எண் ஒன்றை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தாருங்கள். அது இப்போது தயாரிப்பில் இல்லை என்றாலும் பாதகமில்லை, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், அரைக்கதவில் எவ்வளவு வாட் தாங்கும் என்று தெரிந்தால் மாற்று எது என்று சிம் லிம் டவர் அங்கிளே சொல்லிவிடுவார்.

பதிலை விரைவில் எதிர்பார்க்கிறேன். மாமியார் அடுத்த வெள்ளிக்கு எம்ஆர்டியில் போவதாகச் சொல்லியிருக்கிறார், அதில் சகலைக்கு மட்டும்தான் மகிழ்ச்சி.

இப்படிக்கு,
தங்கள் காருக்கு இன்னும் உரிமையாளனாக இருப்பவன்

இணைப்பு: எரிந்த டிரான்சிஸ்டர், அசல், ஒன்று. நகல் எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பவும்.