மாடு இல்லாத கேஸ்

எங்கள் தெருவில் பயோகேஸுக்குப் பெயர் சாணி கேஸ். சொல்லும்போதே மூக்கு சுளிக்கும். 1981-82-இல் மத்திய அரசு அதைத் தேசியத் திட்டமாக்கி மானியம் கொடுக்க ஆரம்பித்ததும், கீழப்பழுவூரில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் தொட்டி கட்டினார் பெரியப்பா. 2 கன மீட்டர் தொட்டி. தினமும் 50 கிலோ சாணி, அதே அளவு தண்ணீர். நாலைந்து மாடுகள் இருந்தால்தான் கட்டுப்படியாகும். கரைத்து ஊற்றினால் மீத்தேன் வாயு தொட்டிமேல் கவிழ்த்த இரும்பு டிரம்மை மேலே தூக்கிவிடும். முந்திரி விறகை ஊதி ஊதிக் கண் சிவந்திருந்த பெரியம்மா, குழாயைத் திருகி நீலச் சுடரில் உலை வைத்தார்.

அக்கம்பக்கத்தார் அந்த அடுப்பில் போட்ட காப்பியைத் தொடவில்லை. “வாடை வருதுக்கா” என்பார்கள். சாணி மெழுகிய திண்ணையில், சாணத்தைச் சுட்டெடுத்த திருநீற்றை நெற்றி நிறையப் பூசிக்கொண்டு உட்கார்ந்துதான் சொல்வார்கள்.

பிறகு டிராக்டர் வந்தது, உழவு மாடு போனது. சிலிண்டர் வந்தது, டிரம் துருப்பிடித்தது. இதே சாணி வாயுவில் ஊருக்கே சேர்த்துச் சமைக்கலாம் என்று நம்பியவர்களும் அந்நாளில் உண்டு. கர்நாடகத்தில் தும்கூர் பக்கம் பூரா கிராமத்தில் ஏ.கே.என். ரெட்டியின் இந்திய அறிவியல் கழகக் குழு பொதுத் தொட்டி கட்டிப் பார்த்தது. ஊர்ச் சாணி மொத்தமும் ஊர் உலைக்குப் போதவில்லை. 1987-இல் வாயுவை இன்ஜினுக்குத் திருப்பி, வீடுகளுக்கு விளக்கும் குழாய்த் தண்ணீரும் கொடுத்தார்கள்.

இப்போது கல்யாண மண்டபத்துக்கு பயோகேஸ் போடலாமென்று அண்ணன் மகன் கிளம்பியிருக்கிறான். தினசரி சாணி வேண்டாம். பந்தியில் மிஞ்சிய சோறு, சாம்பார், காய்த்தோல் போதும். புணேயில் ஆனந்த் கர்வேயின் ‘ஆர்த்தி’ அமைப்பு இந்த வகைச் சிறு தொட்டிக்காக 2006-இல் ஆஷ்டன் விருதே வாங்கியிருக்கிறது. மாடு செரித்துக் கழித்த சாணியைவிட, செரிக்காத சோற்றில் கிலோவுக்குப் பல மடங்கு வாயு. அன்று மூக்கைப் பிடித்தவர்கள் “நல்ல திட்டம்ப்பா” என்று தலையாட்டுகிறார்கள். எச்சில் இலைக்கு வாடை கிடையாது போலிருக்கிறது.

ஒரே சிக்கல். தொட்டி முதலில் உயிர்பிடிக்கச் சாணிக் கரைசல் ஊற்றுவதுதான் வழக்கம். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர் மாட்டு வயிற்றிலிருந்து சாணியோடு எளிதாக வந்துவிடும். தெருவிலோ ஒரு மாடு இல்லை. பக்கத்து ஊரில் சாணிக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“எங்க காலத்துல தொட்டியில ஊத்தச் சோறு ஏதுடா? மிஞ்சினா மறுநாள் பழையது. அரிசி களைஞ்ச தண்ணி மாட்டுக்கு. ஆமா, அடுப்பு எரியணும்னா எத்தனை பேரு இலையில மிச்சம் வெக்கணும்?”

“தினம் ஒரு கல்யாணம் நடந்தாப் போதும் தாத்தா.”

“ஆடி மாசம்?”

பையன் யோசித்தான். “கோயில்ல கூழ் ஊத்துவாங்களே.”

“கூழை எவன்டா மிச்சம் வெப்பான்?” என்றார் பெரியப்பா.