முத்துநகர் அண்ணாச்சி

எங்கள் அடுக்ககத்துக்குக் குடிவந்த ஒரு மாதத்தில், ஆண்டு விழாக் கூட்டத்தில் அண்ணாச்சி எழுந்து நின்றார். "எங்க ஊர்ல நைட் கிளப்புக்குப் போகாத குடும்பமே கிடையாது. எங்க ஆச்சி எண்பது வயசுலயும் போவா" என்றார். செயலாளர் தண்ணீர் குடித்தார். இரண்டு மாமிகள் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள்.

தூத்துக்குடியில் சாயங்காலம் கல்லைச் சூடாக்கி ராத்திரி வரை புரோட்டா போடும் கடைக்குத்தான் அந்தப் பெயர் என்று தெரிவதற்குள் அண்ணாச்சியின் குடும்ப கௌரவம் மாடி மாடியாக ஏறி இறங்கிவிட்டது. அவருக்கு அதெல்லாம் பொருட்டில்லை. பொரிச்ச புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, அது மூழ்கும்வரை சால்னா ஊற்றத் தெரியாத ஊரில் கௌரவம் இருந்தென்ன, போயென்ன என்பது அவர் கட்சி.

நீங்கள் எந்த ஊரில் வேலை பார்த்தாலும் இப்படி ஓர் அண்ணாச்சி இருப்பார். எங்கள் அண்ணாச்சிக்கு வீட்டு முகவரிதான் சென்னை. ஆள் இருப்பது தூத்துக்குடியில். சாம்பாரில் உப்பு சரியாக இருந்தால், "எங்க ஊரு உப்புலா!" கரித்தால், போட்ட கை வெளியூர்க் கை. கடலோரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்பளம் கிடக்கிற ஊர்க்காரரோடு இதில் வாதம் செய்ய முடியாது.

மக்ரூன் விஷயத்தில் அவர் இன்னும் கறார். முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக்கரு, இவ்வளவுதான் சரக்கு. ஊரிலிருந்து யாராவது முத்துநகர் எக்ஸ்பிரஸில் கொண்டுவந்தால் காலையிலேயே எழும்பூரில் போய் நிற்பார். டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொடுத்து, உடனே மூடிவிடுவார். காற்றுப் பட்டால் நமுத்துப்போகுமாம். சென்னைக் காற்றின் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. "போர்த்துக்கீசியன் கொண்டாந்த பண்டம்லா" என்பார், வாஸ்கோடகாமாவே அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முட்டை அடித்ததுபோல.

வரலாறும் அவருக்குச் சொந்தக்காரர் வீட்டு விசேஷம்தான். 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியில் தாத்தா பங்கு வாங்கியிருந்தாராம். "லாபம் இன்னும் வரலை" என்பார். கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அண்ணாச்சி அப்போது பிறக்கவே இல்லை. ஆனாலும் கல்லைக் கட்டி இறங்குவதையும் மூச்சுப் பிடிப்பதையும் மூச்சு விடாமல் சொல்வார். மேலே படகில் கயிறு பிடிப்பவன் மச்சானாகத்தான் இருக்க வேண்டுமாம். விட்டால் தாலியறுப்பது அவன் கூடப்பிறந்தவள் அல்லவா? அண்ணாச்சிக்கும் அவர் மச்சானுக்கும் ஒரு வீட்டுமனைத் தகராறில் பத்து வருஷமாகப் பேச்சு இல்லாமல் இருந்தது. "அதனாலதான் நான் முத்துக் குளிக்கப் போகலை."

பெயரில் சுடலைமாடன் இருக்கிறார். ஆனால் ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கு லீவு எழுதித் தருவார். மேலதிகாரி, "நீங்க எந்த மதம்?" என்று கேட்டதற்கு, "தூத்துக்குடி சார். மாவட்டத்துக்கே அன்னிக்கு லீவு" என்றாராம். மாதாவின் தங்கத்தேர் எல்லா வருஷமும் ஓடாது. 2013-இல் ஓடியது, பிறகு 2023-இல். அவர் வயதுக் கணக்கே அதுதான்: மூத்தவள் பிறந்தது போன தேருக்கு முந்தி, இளையவன் தேருக்குப் பிந்தி.

அந்த 2023 தேர் ஓடிய வருஷம் டிசம்பரில்தான் ஊரில் வெள்ளம். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஊரில் அவர் அக்கா வீட்டில் போன் எடுக்கவில்லை. அண்ணாச்சி மூன்று நாள் பால்கனியிலேயே நின்றார்; எங்கள் அடுக்ககம் முதன்முறையாக அமைதியாக இருந்தது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிற்க, பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுப் பொங்கிப் பயணிகளுக்குப் பசியாற்றினார்கள் என்று செய்தி வந்தது. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். "எங்க மாவட்டம்தான்" என்றார், காதில் விழாத குரலில்.

மறுநாள் காலை குரல் திரும்பிவிட்டது. கதவு கதவாகத் தட்டி அரிசி, பாய், போர்வை கேட்டார். செயலாளர் ஒரு வேட்டியை நீட்ட, விரித்துப் பார்த்து மடித்துக் கொடுத்தார். "பழசு வேண்டாம் சார். வெள்ளத்துல கிடந்தாலும் எங்க ஊர்க்காரன் இதை உடுத்த மாட்டான்." செயலாளர் உள்ளே போய்ப் புதுசு கொண்டுவந்தார். அன்று முதன்முதலாக அக்கா வீட்டு நிலவரம் சொல்லிப் போன் செய்தது மச்சான். அதைப் பற்றி அண்ணாச்சி எங்களிடம் அதிகம் பேசவில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக நான் தூத்துக்குடி போனேன். ராத்திரி ஒரு நைட் கிளப்பில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாதாரணமாக அண்ணாச்சி பேச்சில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்பேன். இந்த விஷயத்தில் தள்ள ஒன்றும் இல்லை. கையைக் கழுவிவிட்டு அவரைப் போனில் கூப்பிட்டேன்.

"சால்னா எத்தனை தடவை ஊத்துனான்?"

"மூணு தடவை, அண்ணாச்சி."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"என் பேரைச் சொல்லலையோ?"