மூணு ஸ்வரத்துக்கு ஏண்டா இவ்வளவு அவசரம்?

வாடா பேராண்டி. கிதார் வந்துடுச்சு, அதுக்கு உறை வந்துடுச்சு, தோள்ல மாட்ட வார் வந்துடுச்சு, தலைமுடியும் ஒரு மாதிரியா வளந்துடுச்சு. பாட்டு ஒண்ணுதான் பாக்கி. அதுக்கென்ன, கடைமடைக்காரனுக்குக் காத்திருக்கிறது புதுசா?

ஆர்பெஜியோ கத்துக்கிறேன்னியாம். உங்க அப்பாயி அது ஏதோ பலகாரம்னு நெனச்சு, எத்தனை பேருக்குக் காணும்னு கேக்குறா. மூணு ஸ்வரத்தை ஒரேயடியா அடிக்காம ஒண்ணொண்ணா மீட்டுறதுதானே? நேத்து ராத்திரி நீ வாசிச்சப்ப எனக்கு மூணு கேக்கலையே, ஒரு 'ஜங்'குதான் கேட்டுச்சு. நீ பண்ணினது தெளிப்பு. உனக்குச் சொல்லிக்குடுத்தது நடவு. விதையை அள்ளி வீசிட்டுக் கையைத் தட்டிட்டுப் போறவன், நாத்து நட்டேன்னு கூலி கேக்கலாமா? திருந்திய நெல் சாகுபடின்னு வந்தப்ப, 14 நாள் நாத்தை ஒத்தை ஒத்தையா 22.5 சென்டிமீட்டர் எடம் விட்டு நடச் சொன்னான். இது வயலா வழுக்கைத் தலையான்னு வரப்புல நின்னு சிரிச்சவனெல்லாம், தூர் வெடிச்சதும் மெதுவா வந்து கயிறு இரவல் கேட்டான்.

என்கிட்ட யோசனை கேக்க உனக்குக் கௌரவக் குறைச்சல்தான். நான் நாகஸ்வர செட்டுல ஒத்து ஊதினவன். பக்கத்துல ஒருத்தர் தோடியை விடிய விடிய இழைப்பார். நான் கன்னம் உப்ப ஒரே ஷட்ஜம். ஒரு ஸ்வரத்துல வயித்தைக் கழுவினவன்கிட்ட மூணு ஸ்வரத்துக்காரன் வந்து நிக்கிறதாவது! பரவாயில்லை, யாரும் பாக்கலை, உக்காரு.

முதல்ல இடது கையைப் பாக்கெட்டுல போடு. நெசமாத்தான் சொல்றேன். மெல்லிசுத் தந்தியை ஒண்ணுன்னு எண்ணிக்க. நாலு, மூணு, ரெண்டு: இந்த மூணையும் எங்கேயும் அமுக்காம, கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல்னு வரிசையா மீட்டு. டி, ஜி, பி. ஜியை ஷட்ஜமா வெச்சா மந்தர பஞ்சமம், ஷட்ஜம், அந்தர காந்தாரம். ஜி மேஜர்! நீ பணம் கட்டிப் படிக்கிற சமாச்சாரம் கடையிலேருந்து பெட்டியோட வந்திருக்கு.

அது தெளிவா விழுந்தப்புறம் இடது கையை வெளியே எடு. அந்த மூணு தந்தி மேலயும் ஒரே விரலை அஞ்சாம் ஃப்ரெட்டுல படுக்கப் போட்டா சி மேஜர், ஏழாவதுல டி மேஜர். அஞ்சாவதுல இருக்கிறப்ப ரெண்டாம் தந்தியை மட்டும் ஒரு ஃப்ரெட் இறக்கி, நாலாவதுல புடி. அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாச்சு, மேஜர் மைனராச்சு. ஒரு விரல் ஒரு கட்டை நகந்ததுக்கே உன் மூஞ்சி எப்படித் தொங்குதுன்னு கண்ணாடியில பாரு. விரல் சதை அடுத்த தந்தியில ஒட்டினா அந்த ஸ்வரம் 'தப்'புன்னு செத்துப்போகும். வேகமா வாசிச்சா அதை மறைச்சுடலாம்னுதானே ஓடுறே?

காந்தாரத்தை மட்டும் விட்டுடாதே. தம்புராவுல அதுக்குன்னு தந்தியே கிடையாது. பஞ்சமம், ரெண்டு சாரணி, ஒரு மந்தரம், அவ்வளவுதான். ஆனா சுருதி சேந்து, ஜீவா நூல் சரியா விழுந்தா, மந்தரத் தந்திக்குள்ளேருந்து அந்தர காந்தாரம் தானா எழும்பும். உன் கிதார் காந்தாரம் அதைவிட ஒரு நூல் தூக்கல், ஏன்னா ஃப்ரெட்டெல்லாம் ஒரு ஸ்தாயியோட 12 சமப் பங்கு. இந்தப் பங்குச் சண்டை இங்கேயே நடந்ததுதான். தஞ்சாவூர்ல ஆபிரகாம் பண்டிதர் சாலையில வண்டியை முறுக்குறியே, அந்தப் பண்டிதர் சித்த வைத்தியர். 22 சுருதிக் கணக்கு தப்பு, சமமாத்தான் பிரிக்கணும்னு மல்லுக்கு நின்னு, 1917ல 'கருணாமிர்த சாகரம்'னு தலையணை தண்டிக்குப் புஸ்தகம் போட்டார். உனக்குத் தூக்கம் வரலைன்னா படி. வந்தாலும் படி.

எல்லாம் நம்மகிட்டேருந்துதான் போச்சுன்னு டீக்கடையில ஒருத்தன் சொல்வான், தலையாட்டாதே. கிதார் நம்ம கலாசாரம் இல்லேன்னு உங்க பெரியப்பா சொல்வார், அதுக்கும் தலையாட்டாதே. திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரன் பேண்டு மெட்டை வாங்கி சமஸ்கிருதத்துல நோட்டு ஸ்வரம் கட்டினார். தம்பி பாலுசுவாமி பிடிலையே வாங்கிட்டார். பெரியப்பா பூஜையில உருகி உருகி 'சந்ததம் பாஹிமாம்' பாடுறாரே, அது இங்கிலீஷ் ராஜாவைக் காப்பாத்தச் சொல்லிக் கடவுளை வேண்டின மெட்டு. அவர்கிட்ட சொல்லிடாதே, பாவம், மனசு ஒடிஞ்சுடும்.

அந்தத் தீட்சிதரோட அப்பா ராமசுவாமி தீட்சிதர் உண்டாக்கினதுன்னு சொல்ற ராகம் ஹம்சத்வனி. ச ரி க ப நி, அஞ்சே ஸ்வரம். அதுக்குள்ள ச-க-ப ஒண்ணு, க-ப-நி ஒண்ணு, ப-நி-ரி ஒண்ணு. உன் பாஷையில ஜி, பி மைனர், டி. நாளைக்கு இந்த மூணையும் ஒண்ணொண்ணா மீட்டிட்டு வா. நாலு தடவை தப்பினா பரவாயில்லை, ஒரு தடவை ஓடினா எந்திரிச்சுப் போயிடுவேன்.

அப்புறம், உன் நாலாம் தந்தி ஒரு வாரமா சுருதி இறங்கிக் கெடக்கு. வகுப்புல யாரும் சொல்லலையா?