சீட் பெல்ட்டை முழுசா இழுங்க!

கேள்வி: மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மூழ்கி, இன்சூரன்ஸ்காரர்கள் 'டோட்டல் லாஸ்' என்று கழித்த கார், ரிப்பேர் செய்யப்பட்டுப் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் போட்டிருக்கும் வண்டி மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் அப்படிக் கழிப்பார்கள். 6 லட்ச ரூபாய் வண்டி என்றால் நாலரை லட்சத்துக்கு மேல் வேலை! அத்தனையும் ஒழுங்காகச் செய்துவிட்டுப் பாதி விலைக்குக் கொடுக்க, விற்பவர் என்ன உங்கள் தாய்மாமனா?

மனசு கேட்கவில்லையா? நேரில் போய் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். மேலே பளிச்சென்று இருக்கும். உள்ளே சுருண்டு கிடந்த பகுதியில் சேற்றுக்கோடு தெரியும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் வண்டல். சீட் போல்ட்டில் துரு. கதவைத் திறந்ததும் மல்லிகை வாசனை தூக்கலாக வந்தால், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அரைமணி நேரம் உள்ளேயே உட்காருங்கள். ஈரக் கம்பளி வாடை தானாக எட்டிப் பார்க்கும்.

இன்ஜினைக்கூடப் பிரித்து மாட்டிவிடலாம். எனக்குப் பயமே ஒயரிங்தான். கனெக்டருக்குள் புகுந்த தண்ணீர் பச்சைப் பாசி மாதிரி பூத்து, மாதங்கள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். ஏர்பேக்குக்குப் போகிற ஒயரும் அதில் ஒன்று. பின்சீட்டில் குழந்தைகளை உட்காரவைத்து ஓட்டப்போகிறீர்கள்!

வெள்ளத்தில் இல்லாமல், மோதலில் அடிபட்டுக் கழித்த வண்டி என்றால் சர்வேயர் ரிப்போர்ட்டையும், ரிப்பேருக்கு முந்தைய போட்டோக்களையும் கேளுங்கள். சேசிஸ் நேராக இருந்தால் பேசலாம். அட்வான்ஸ் கொடுக்குமுன், அந்த வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் தருவார்களா என்று ஒரு போன் போட்டுவிடுங்கள்.