பெர்க்லி கரடிகளின் தோல்விப் புராணம்

கலிஃபோர்னியா மாநிலத்துப் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணிக்குப் பெயர் கோல்டன் பேர்ஸ். தங்கக் கரடிகள். தங்கம் பெயரில் மட்டும்தான். மேற்குக் கரை அணிகளுக்கெல்லாம் ஒரு காலத்தில் பிறவிப் பயனாக இருந்தது, ஜனவரி முதல் தேதியன்று பாசடினாவில் நடக்கும் ரோஸ் பௌல் ஆட்டம். கரடிகள் கடைசியாக அங்கே போனது 1959-இல். அயோவாவிடம் 38-12 என்று வாங்கிக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்படி ஓர் அணிக்கு ரசிகர்கள் இருப்பார்களா என்றால், பரம்பரை பரம்பரையாக இருக்கிறார்கள். மற்ற ஊர்க்காரர்களிடம் மறக்க முடியாத ஆட்டம் எது என்று கேட்டால் கோப்பை வாங்கிய கதையைச் சொல்வார்கள். பெர்க்லிக்காரர்கள் கோடாரி திருடிய கதை சொல்வார்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு தப்பான பக்கம் ஓடியவன் கதை சொல்வார்கள். வாத்தியக்காரரை இடித்துத் தள்ளி ஜெயித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார்கள். ஜெயித்தோமா தோற்றோமா என்பது அவர்களுக்குக் கதையின் பின்குறிப்பு.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு: இது மெஸ்ஸி ஆடும் கால்பந்து அல்ல. ஒரு பக்கத்துக்கு 11 பேர். இரண்டு முனையும் கூரான பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச் டவுன், 6 புள்ளி. வழியில் யார் வேண்டுமானாலும் உங்கள் மேல் விழலாம். இவ்வளவு தெரிந்தால் போதும், நடுவர்களுக்கே சில நாள் இதற்குமேல் தெரிந்திருக்கவில்லை.

கதை 1892 மார்ச்சில் தொடங்குகிறது. பக்கத்தில் புதிதாக முளைத்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோடு சான் ஃபிரான்சிஸ்கோவில் முதல் மோதல். ஆட்களும் கூட்டமும் வந்தாயிற்று. அடித்து வைத்த டிக்கெட் போதாமல், வாசலில் நாணயங்களாகவே வாங்கிக் குவித்தார்கள். எல்லாம் இருந்தது, பந்தைத் தவிர. இரு தரப்பிலும் யாரும் எடுத்து வரவில்லை. கடைக்கு ஆள் அனுப்பிப் பந்து வரும்வரை இரு படைகளும் போர்க்களத்தில் கைகட்டி நின்றன. ஸ்டான்ஃபோர்டு 14-10 என்று ஜெயித்தது. அன்று அந்த அணியின் கணக்கு வழக்கு பார்த்த மாணவர் ஹெர்பர்ட் ஹூவர். பின்னாளில் அமெரிக்காவின் ஜனாதிபதி ஆனவர். 1929-இல் அவர் பதவியேற்ற சில மாதங்களில் பங்குச் சந்தை குப்புற விழுந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று பொருளாதார அறிஞர்கள் சொல்வார்கள். பெர்க்லிக்காரர்களைக் கேட்காதீர்கள்.

அடுத்தது கோடாரி. 1899 ஏப்ரலில் ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்கு ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் மரம் வெட்டும் கோடாரி ஒன்றைத் தூக்கி வந்தார்கள். தங்கள் ஆள் நன்றாக ஆடும்போதெல்லாம் பெர்க்லியின் நீல, பொன்னிற ரிப்பன்களை அதனால் வெட்டிக் கூச்சல் போடுவது திட்டம். ஆட்டத்தில் தோற்றார்கள், வெளியே வந்ததும் கோடாரியையும் இழந்தார்கள். பெர்க்லிப் பையன்கள் அதைப் பிடுங்கிக்கொண்டு சான் ஃபிரான்சிஸ்கோ தெருக்களில் ஓட, பின்னால் ஒரு பட்டாளமே துரத்தியது. வழியில் ஒரு கறிக்கடையில் நுழைந்து கைப்பிடியை அறுத்துப் போட்டு, இரும்பை மட்டும் கோட்டுக்குள் செருகிக்கொண்டு படகேறி ஊர் சேர்ந்தார்கள். பிறகு அதை ஒரு வங்கிப் பெட்டகத்தில் பூட்டினார்கள். ஆண்டுக்கு ஒருமுறை உற்சவமூர்த்தியாக வெளியே எடுத்து ஊர்வலம் விட்டார்கள். 31 வருடம் இந்தப் பூசை நடந்தது. 1930-இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து 21 பேர் வந்தார்கள். சிலர் பத்திரிகைப் புகைப்படக்காரர் வேடத்தில் நின்றார்கள். கோடாரி வங்கி வாசலில் இறங்கும் நேரம் பார்த்துக் கண்ணீர்ப் புகை கிளம்பியது. புகை அடங்கியபோது கோடாரி பறந்திருந்தது. திருடிய 21 பேரையும் ஸ்டான்ஃபோர்டு இன்றுவரை அமரர்கள் என்று கொண்டாடுகிறது. இதற்கு ஒரு முடிவு கட்ட, 1933-இல் அதையே கோப்பையாக்கி, வருடாந்தரக் கால்பந்து ஆட்டத்தில் ஜெயித்தவருக்கு என்று ஒப்பந்தம் போட்டார்கள். திருட்டு அதற்குப் பிறகும் நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

நியாயமாகச் சொன்னால், கரடிகள் ஒரு காலத்தில் உண்மையிலேயே புலிகளாக இருந்தார்கள். ஆண்டி ஸ்மித் என்ற பயிற்சியாளர் காலத்தில், 1920 முதல் 1924 வரை ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. 1921 ரோஸ் பௌலில் ஒஹாயோ ஸ்டேட்டை 28-0 என்று நசுக்கினார்கள். அந்த ஆட்டத்தில் பிரிக் முல்லர் எறிந்த பந்து 53 கெஜம் பறந்தது. செய்தியாகப் பரவியபோது அது 70 கெஜம் ஆகியிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பசிபிக் கடலில் விழுந்திருக்கும். ஆனால் இந்தப் பொற்காலத்தைப் பற்றி ரசிகர்கள் மரியாதையோடு இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவர்களுக்குச் சுவைப்பது அடுத்த வருடம். 1922 ரோஸ் பௌலில் எதிரே வந்தது வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சன் என்ற குட்டிக் கல்லூரி. மாற்று ஆள் ஒருவரைக்கூட இறக்காமல், அதே 11 பேர் முழு ஆட்டமும் ஆடினார்கள். மாபெரும் கரடிப்படை சேற்றில் உழன்று எடுத்த புள்ளி பூஜ்யம். எதிரியும் பூஜ்யம். வேறு எந்த ரோஸ் பௌலும் அப்படி முடிந்ததில்லை. சாதனை என்றால் சாதனைதான்.

இப்போது காவிய நாயகன். 1929 ஜனவரி 1, மறுபடி ரோஸ் பௌல், எதிரே ஜார்ஜியா டெக். இரண்டாம் கால்பகுதி, இன்னும் யாரும் புள்ளி எடுக்கவில்லை. டெக் வீரர் ஸ்டம்பி தாமசன் பந்தை நழுவவிட்டார். பெர்க்லியின் ராய் ரீகல்ஸ் பாய்ந்து பொறுக்கினார். எதிரியின் கோடு 30, 35 கெஜம்தான். நேரே ஓடினால் வரலாறு. ரீகல்ஸ் ஓரடி வைத்தார், எதிரிகளைப் பார்த்தார், ஒரு சுற்றுச் சுற்றினார், பிறகு ஓடினார். வரலாறு கிடைத்தது. திசைதான் மாறிவிட்டது.

தன் அணியின் கோட்டை நோக்கி அந்த மனிதர் ஓடிய ஓட்டம் 65 கெஜத்துக்குக் குறையாது. அரங்கமே எழுந்து கத்தியது. தன்னை உற்சாகப்படுத்துகிறார்கள் என்று ரீகல்ஸ் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும், வேகம் கூடியது. அதே அணியின் பென்னி லாம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு பின்னால் துரத்தினார். எதிரணிப் பயிற்சியாளர் தன் ஆட்களை உட்காரச் சொல்லி, அவன் வைக்கும் ஒவ்வோர் அடியும் நமக்கு லாபம் என்ற பொருளில் அமைதியாகப் பேசினார் என்பார்கள். லாம் கடைசியில் எட்டிப் பிடித்து அவரைத் திருப்பப் பார்த்த கணத்தில் டெக் ஆட்கள் வந்து மேலே விழுந்தார்கள். கோட்டுக்கு மிச்சம் ஒரு கெஜம்.

புறநானூற்றை ஆங்கிலத்தில் தந்தவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஹார்ட் தமிழ் சொல்லிக்கொடுத்தது இதே பெர்க்லியில்தான். மகன் புறமுதுகிட்டான் என்று கேள்விப்பட்டுக் கையில் வாளோடு களம் புகுந்த அந்தப் புறநானூற்றுக் கிழவி அன்று பாசடினாவில் இருந்திருந்தால் பாவம், குழம்பிப் போயிருப்பாள். பையன் முதுகு காட்டியது உண்மை. ஆனால் அப்போது துரத்தி வந்தவன் சொந்தக் கட்சிக்காரன். ஓடியதும் பயத்தில் அல்ல, உச்சகட்ட வீரத்தில். இதற்கெல்லாம் இலக்கணத்தில் துறை வகுத்திருக்கிறார்களா என்ன?

கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் சிக்கிய பந்தைத் தொலைவுக்கு உதைத்துத் தள்ளப் பார்த்தார் லாம். உதை தடுக்கப்பட்டது. டெக்குக்கு 2 புள்ளி. ஆட்டம் முடிந்தபோது கணக்கு 8-7. இடைவேளையில் மூலையில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்த ரீகல்ஸை, முதல் பாதியில் இறங்கிய அதே ஆட்கள்தான் இறங்க வேண்டும் என்று பயிற்சியாளர் நிப்ஸ் பிரைஸ் மறுபடி களத்துக்கு அனுப்பினார். பிரமாதமாக ஆடினார், டெக்கின் ஓர் உதையைத் தடுக்கக்கூடச் செய்தார். அடுத்த ஆண்டு அணித் தலைவரும் அவரே. தப்பான பக்கம் ஓடினாலும் எல்லாருக்கும் முன்னால் ஓடியவர் என்று கணக்கு. 1964-இல் தொழில்முறை ஆட்டம் ஒன்றில் மினசோட்டாவின் ஜிம் மார்ஷல் இதே வேலையைச் செய்தபோது, சங்கத்துக்கு வரவேற்கிறோம் என்று ரீகல்ஸ் கடிதம் எழுதினார். முப்பத்தைந்து வருடமாக ஒரே உறுப்பினரோடு ஓடிக்கொண்டிருந்த சங்கம்.

பெர்க்லி அரங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1923-இல் கட்டினார்கள், ஹேவர்டு நிலநடுக்கப் பிளவின் சரியாக மேலே. கிழக்கே ஒரு குன்று; அதில் ஏறிக் காசு கொடுக்காமல் ஆட்டம் பார்க்கலாம். அதற்குப் பெயரே கஞ்சன் குன்று. அதே குன்றில் ஒரு பீரங்கி. கரடிகள் புள்ளி எடுக்கும்போதெல்லாம் வெடிக்கும். 1991-இல் பசிபிக் பல்கலைக்கழகத்தை 86-24 என்று அடித்தபோது, பன்னிரண்டாவது டச் டவுனோடு பீரங்கியில் மருந்து தீர்ந்துபோனது. கரடிகள் இவ்வளவு புள்ளி எடுப்பார்கள் என்று அவர்களுடைய பீரங்கிக்காரரே நம்பவில்லை.

சரி, 1982 நவம்பர் 20. ஸ்டான்ஃபோர்டோடு 85-ஆவது மோதல், பெர்க்லி அரங்கம். ஸ்டான்ஃபோர்டின் தளபதி ஜான் எல்வே. பின்னாளில் டென்வருக்கு இரண்டு சூப்பர் பௌல் வாங்கிக்கொடுத்தவர். கடைசி நிமிடத்தில் பெர்க்லி 19-17 என்று முன்னிலை. எல்வேக்குக் கடைசி வாய்ப்பு, தேவை 17 கெஜம். எறிந்தார், 29 கெஜம். சற்று நேரத்தில் மார்க் ஹார்மன் பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே செலுத்த, 20-19. கடிகாரத்தில் பாக்கி 4 விநாடி. ஸ்டான்ஃபோர்டு வீரர்கள் மைதானத்தில் குதித்துக் கும்மாளமிட, நடுவர்கள் 15 கெஜம் அபராதம் போட்டார்கள். 4 விநாடியில் என்ன ஆகிவிடப் போகிறது என்று யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஹார்மன் பந்தைத் தரையோடு உருட்டி உதைத்தார். கெவின் மோயன் எடுத்தார். பிடிபட்டால் ஆட்டம் முடிந்தது. ஆனால் விதியில் ஓர் ஓட்டை: உதைத்து வந்த பந்தை எடுத்தவர்கள் முன்னால்தான் எறியக் கூடாது, பின்னால் எத்தனை முறை வேண்டுமானாலும் தள்ளிவிடலாம். மோயன் ரிச்சர்ட் ராட்ஜர்ஸிடம் தள்ளினார். ராட்ஜர்ஸ் டுவைட் கார்னரிடம். கார்னர் கிட்டத்தட்டத் தரையில் விழுந்துகொண்டே மறுபடி ராட்ஜர்ஸிடம். கார்னரின் முழங்கால் மண்ணைத் தொட்டதா என்று கேட்டால் ஸ்டான்ஃபோர்டுக்காரர்கள் இன்றும் சத்தியம் செய்வார்கள். இந்த இடத்தில் ஆட்டம் முடிந்தது என்று முடிவு கட்டி, 144 பேர் கொண்ட ஸ்டான்ஃபோர்டு பேண்ட் வாத்தியங்களோடு மைதானத்துக்குள் நுழைந்தது. நுழைந்தது எந்தக் கோட்டுப் பக்கம்? கரடிகள் போய்ச் சேர வேண்டிய அதே பக்கம்.

ராட்ஜர்ஸிடமிருந்து மேரியட் ஃபோர்டு. மூன்று பேர் அவர் மேல் விழ, தலைக்குப் பின்னால் பார்க்காமலே பந்தை வீசினார். அது மோயன் கையில். ஆரம்பித்தவரிடமே வந்துவிட்டது. மோயன் சாக்ஸபோன்களையும் டிரம்களையும் விலக்கிக்கொண்டு ஓடிக் கோட்டைத் தாண்டி, கேரி டைரல் என்ற டிராம்போன்காரர் மேல் போய் விழுந்தார். ஸ்டான்ஃபோர்டின் தற்காப்பு வரிசையில் அன்று தன் இடத்தில் நின்ற ஒரே ஆள் அவர்தான். வானொலியில் ஜோ ஸ்டார்க்கி, பேண்ட் மைதானத்துக்குள் வந்துவிட்டது என்று அலறிய அலறலைப் பெர்க்லியில் குழந்தைகள்கூட ஒப்பிக்கும். நடுவர் சார்லஸ் மாஃபட் சக நடுவர்களைக் கூட்டி, யாராவது விசில் அடித்தீர்களா என்று விசாரித்தார். இல்லை. பிறகு இரு கைகளையும் உயர்த்தினார். பீரங்கி வெடித்தது. 25-20.

எல்வே கல்லூரிக் காலம் முழுக்க எந்த பௌல் ஆட்டத்திலும் ஆடாமலே வெளியேறினார். நசுங்கிய டிராம்போன் கல்லூரிக் கால்பந்து அருங்காட்சியகத்தில் இடம்பிடித்தது. நான்கு நாள் கழித்து, தீர்ப்பு மாறி வெற்றி ஸ்டான்ஃபோர்டுக்கே தரப்பட்டுவிட்டது என்ற தலைப்போடு பெர்க்லி மாணவர் நாளிதழ் வளாகமெங்கும் கிடந்தது. பலருக்கு மூச்சு நின்றது. அச்சடித்தது ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள், 7000 பிரதி. அந்தக் கோடாரிக் கோப்பையின் பலகையில் எல்லா ஆண்டுகளின் புள்ளிகளும் பொறித்திருக்கும். கோப்பை ஸ்டான்ஃபோர்டிடம் இருக்கும்போது 1982-க்கு எதிரே 20-19 என்று மாற்றிவிடுவார்கள். பெர்க்லிக்குத் திரும்பினால் மறுபடி 25-20. இதைவிட நேர்மையான வரலாற்று நூலை நான் பார்த்ததில்லை. யார் கையில் இருக்கிறதோ அவர்கள் ஜெயித்தார்கள் என்று ஒளிக்காமல் சொல்கிறது.

அப்புறம் நல்ல காலம் வரப் பார்த்தது. 2004-இல் 10 வெற்றி, ஒரே தோல்வி, நாட்டில் நான்காம் இடம். ரோஸ் பௌல் வாசல்வரை வந்தாயிற்று. டெக்சாஸ் பயிற்சியாளர் மேக் பிரவுன் ஊரறிய ஆதரவு திரட்டினார். வாக்குகள் நகர்ந்தன, டெக்சாஸ் உள்ளே போனது. 2006-இல் வாஷிங்டனைக் கூடுதல் நேரத்தில் வென்றதும், மார்ஷான் லிஞ்ச் அடிபட்டவர்களை ஏற்றும் வண்டியைக் கிளப்பி மைதானத்தைச் சுற்றி ஓட்டினார். பெர்க்லி ரசிகர்களின் வீட்டுச் சுவரில் கோப்பைப் படம் இல்லாவிட்டாலும் அந்த வண்டிப் படம் இருக்கலாம். 2007 அக்டோபரில் நாட்டின் முதலிடத்து அணி தோற்றுப்போன அதே நாள் மாலை, இரண்டாம் இடத்தில் இருந்த கரடிகள் ஓரிகன் ஸ்டேட்டோடு ஆடினார்கள். ஜெயித்தால் நாட்டிலேயே முதலிடம். 3 புள்ளி பின்தங்கல், 14 விநாடி பாக்கி, நிறுத்தக் கேட்க வாய்ப்பு மீதமில்லை. பந்தை வெளியே எறிந்திருந்தால் கடிகாரம் நின்றிருக்கும். இளம் வீரர் ஓடினார். இந்த முறை சரியான பக்கம்தான். ஆனால் பிடிபட்டார், நேரம் போனது. 31-28. அந்தப் பருவம் 7-6 என்று முடிந்தது.

2024-இல் மேற்குக் கரைக் கூட்டமைப்பு உடைந்தபின், பசிபிக் கடற்கரையில் இருக்கும் பெர்க்லி அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பில் சேர்ந்தது. ரீகல்ஸ் பரம்பரைக்குத் திசை ஒரு பொருட்டா? அந்த அக்டோபரில் மயாமிக்கு எதிராக 35-10 என்று முன்னிலை பெற்று, 39-38 என்று தோற்றார்கள். அதற்கு முந்தைய ஆட்டத்தில் ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 14-9, அடுத்தடுத்து பிட்ஸ்பர்கிடம் 17-15, நார்த் கரோலினா ஸ்டேட்டிடம் 24-23. நான்கு தோல்விக்கும் சேர்த்து மொத்த வித்தியாசம் 9 புள்ளி. அந்த ஒன்பதும் எந்தெந்த இடத்தில் நழுவியது என்று ஒவ்வொரு ரசிகரும் தனித்தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். எது முதலிடம் என்பதில்தான் சண்டை.