மண்டபத்தில் இறங்கவும்

ஒன்று படுத்தால் மற்றொன்று வேலையை ஏற்கும் ‘ஃபெயில்ஓவர்’ என்பதைத் தாங்களே கண்டுபிடித்ததுபோலக் கணினிக்காரர்கள் பேசுவார்கள். ராமநாதபுரத்துக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. மாற்று தயாராகத்தான் இருந்தது: 1988இல் திறந்த சாலைப் பாலம். ரயில் மண்டபத்தோடோ அதற்கு முன்பாகவோ சரி. மூட்டை, பாட்டி, தீர்த்தச் சொம்பு சகிதம் பஸ் பிடிப்பது பயணியின் பாடு. புதிய பாலம் வந்தது 2025 ஏப்ரலில்.

சேமிப்பு கிளஸ்டரில் என்எஃப்எஸ் கோப்புப் பகிர்வும் இதே லட்சணம்தான். ஒரு சர்வர் படுத்தால் ஐபி முகவரி அடுத்ததற்குத் தாவிவிடும். திரையில் பச்சை விளக்கு, மேலாளர் முகத்தில் பெருமிதம். பகிர்வை அடையாளம் காட்டும் எஃப்எஸ்ஐடி எண் இரண்டு சர்வரிலும் ஒன்றாக இல்லையா? ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ என்று புதிய சர்வர் கைவிரித்துவிடும். பூட்டுக் கணக்கைப் பொது வட்டில் வைக்காமல் படுத்த சர்வரிலேயே விட்டிருந்தால், எந்தக் கோப்பு யார் பிடியில் இருந்தது என்று புதியவருக்குத் தெரியாது. எல்லாம் ஒழுங்காக இருந்தாலும், லினக்ஸில் என்எஃப்எஸ் நான்காம் பதிப்புக்கு வழக்கமாக 90 நொடி சலுகைக் காலம் உண்டு. பழைய பூட்டை மீட்கலாம். புதிய கோப்பைத் திறக்க முடியாது. இந்தத் தொண்ணூறைப் பொறுக்காமல் யாராவது சர்வரை மறுபடி அணைத்துப் போடுவார்; எண்ணிக்கை முதலிலிருந்து.

பகிர்வைத் தன் கணினியில் இணைக்கும்போது ‘ஹார்ட்’ மவுண்ட் போட்டவர் சர்வர் வரும்வரை முணுமுணுக்காமல் நிற்பார். ‘சாஃப்ட்’ மவுண்ட்காரர் அரைகுறைக் கோப்போடு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.