நோபல் வாங்கிக் கொடுத்த நாடு

திமிங்கலங்கள் சண்டையிட்டால் இறாலின் முதுகு ஒடியும் என்பது கொரியப் பழமொழி. பாதியோடு நிறுத்திவிட்டார்கள். திமிங்கலங்கள் சமாதானமாகி விருந்துக்கு உட்கார்ந்தால் இலையில் விழுவதும் அதே இறால்தான்.

1882-ல் அமெரிக்கா கொரியாவோடு ஒப்பந்தம் போட்டது. வேறு நாடு எதுவும் அநீதி இழைத்தால் நல்லெண்ணத்தோடு தலையிடுவோம் என்று அதில் ஒரு ஷரத்து. மன்னர் கோஜோங் அதை வேதவாக்காக நம்பினார். 1895-ல் ஜப்பானியக் கும்பல் அரண்மனைக்குள் புகுந்து மின் ராணியை வெட்டிக் கொன்றது, உடலையும் எரித்தது. ஜப்பானியத் தூதர் மியுரா கோரோவை ஹிரோஷிமாவில் விசாரித்தார்கள்; போதிய ஆதாரம் இல்லையென்று விட்டுவிட்டார்கள். மன்னரோ அடுத்த ஆண்டு ரஷ்யத் தூதரகத்தில் போய்ப் பதுங்கி, ஓராண்டு அங்கிருந்தபடியே நாட்டை ஆண்டார்.

1905 ஜூலையில் அமெரிக்கப் போர் அமைச்சர் டாஃப்ட் டோக்கியோவில் பிரதமர் கட்சுராவோடு பேசினார். உங்கள் பிலிப்பைன்ஸ் மேல் எங்களுக்குக் கண்ணில்லை என்றது ஜப்பான். கொரியா உங்கள் பிடியில் இருப்பதுதான் நியாயம் என்றார் டாஃப்ட். செப்டம்பரில் போர்ட்ஸ்மவுத்தில் ரஷ்யாவும் ஜப்பானும் தங்கள் போரை முடித்துக் கையெழுத்திட்டன. சமரசம் செய்துவைத்த அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு மறு ஆண்டே அமைதிக்கான நோபல். நவம்பரில் ஜப்பானின் இதோ ஹிரோபுமி, கொரியாவைத் தன் நாட்டின் பாதுகாப்பில் வைக்கும் ஒப்பந்தத்தோடு வந்தார். படை சூழ்ந்திருக்க, கொரிய அமைச்சர்களில் ஐந்து பேர் தலையாட்டினார்கள். (விற்பவன் உள்ளே இல்லாமல் வாங்குபவன் வருவதில்லை.) உடனே சோலில் தூதரகத்தை முதலில் இழுத்து மூடியது அமெரிக்காதான். ஷரத்து பெட்டி படுக்கையோடு கப்பலேறியது. 1907-ல் நியாயம் கேட்டு ஹேக் நகருக்கு மூன்று தூதர்களை அனுப்பினார் கோஜோங். அங்கே நடந்தது உலக அமைதி மாநாடு. ஆகவே அவர்களை உள்ளே விடவில்லை. அவர்களில் ஒருவரான யி ஜுன் அந்த ஊர் விடுதியிலேயே இறந்தார். தூது அனுப்பிய குற்றத்துக்கு மன்னரின் முடியும் போனது.

1945 ஆகஸ்ட்டில் ஜப்பான் தோற்றது. தோற்ற நாட்டைத்தானே வெட்டுவார்கள்? ஜெர்மனிக்கு அப்படித்தான் நடந்தது. ஆசியாவில் தோற்றவனை முழுசாக விட்டுவிட்டு, அவனிடம் 35 ஆண்டு அடிமைப்பட்டுக் கிடந்தவனை வெட்டினார்கள். வாஷிங்டனில் ஒரு நள்ளிரவு, டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்ற இரண்டு கர்னல்கள், ஒரு நேஷனல் ஜியாகிரபிக் வரைபடம், அரை மணி நேரம்: 38-ஆவது இணைகோடு தயார். கொரியரையும் கேட்கவில்லை, கொரியாவை அறிந்தவரையும் கேட்கவில்லை. ஸ்டாலின் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். அடுத்தவன் வீட்டைப் பங்கிடுவதில் முதலாளித்துவத்துக்கும் கம்யூனிசத்துக்கும் என்ன தகராறு? பின்னாளில் ரஸ்க் வெளியுறவு அமைச்சரானார். போன்ஸ்டீல் தென் கொரியாவிலுள்ள அமெரிக்கப் படைகளுக்கே தளபதியாக வந்தார். அரை மணி நேர வேலைக்கு நல்ல பலன்.

அந்தக் கோட்டை அழிக்கிறேன் என்று கிளம்பிய வட கொரியத் தலைவர் கிம் இல் சுங்கும் முதலில் போனது மாஸ்கோவுக்கு, அனுமதி வாங்க. 1950 முதல் மூன்றாண்டு பிணக்காடு. அமெரிக்க ராணுவத்தின் கொள்முதலில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் மட்டும் செழித்தன. நேற்றைய எஜமானனுக்கு அதிலும் லாபம். 1953-ல் பன்முன்ஜோம் போர்நிறுத்தத்தில் தென் கொரியாவின் கையெழுத்தே இல்லை. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை வரவில்லை.

இப்போது அங்கே நடப்பதற்குப் பெயர் பிராந்தியப் பாதுகாப்பு. உலகின் பெரிய ஆயுத வியாபாரிகளில் ஒன்றான தென் கொரியா, போர் மூண்டால் தன் படையையே ஓர் அமெரிக்கத் தளபதியின் கட்டளையில் விட வேண்டும். அந்த அதிகாரத்தை 2012-ல் தருவதாகச் சொன்னார்கள், பிறகு 2015 என்றார்கள், பிறகு நிபந்தனைகள் கூடிவரட்டும் என்றார்கள். 2017-ல் சோங்ஜுவில், லோட்டே நிறுவனத்திடமிருந்து பெற்ற கோல்ஃப் மைதானத்தில் தாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பை அமெரிக்கா நிறுவியது. சீனாவுக்குக் கோபம். அமெரிக்காவைத் தொட முடியுமா? தன் மண்ணிலிருந்த லோட்டேயின் கடைகளில் தீ விபத்துத் தடுப்பு சரியில்லை என்று திடீரென்று கண்டுபிடித்து, டஜன் கணக்கில் இழுத்து மூடியது. சோங்ஜுவின் முலாம்பழ விவசாயிகள் சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். அவர்களை அப்புறப்படுத்த மட்டும் கொரியப் போலீசுக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

வடக்கு இன்னும் ஒரு படி மேல். அந்நியர் வந்து சண்டையிட நிலம் கொடுத்த காலம் போய், 2024-ல் தன் பிள்ளைகளையே ரஷ்யாவின் கூர்ஸ்க் போர்முனைக்கு ஏற்றி அனுப்பியது.